கணக்குச் செயலி சிங்க் ஆகவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

வேலூர்ப் பக்கத்தில் நிறைய வீடுகளின் கணக்கு இரண்டு ஊர்களில் எழுதப்படுகிறது. கணவர் பெங்களூரிலோ சென்னையிலோ வேலையில் இருப்பார், சனிக்கிழமை காட்பாடியில் வந்து இறங்குவார். மனைவி சத்துவாச்சாரியிலோ குடியாத்தத்திலோ வீட்டைப் பார்த்துக்கொள்வார். பால், மளிகை, ஸ்கூல் ஃபீஸ், சீட்டுப் பணம், நகைக்கடன் வட்டி எல்லாம் மனைவியின் போனில் ஏறும். வீட்டுக்கடன் தவணையும் கிரெடிட் கார்டும் கணவரின் லேப்டாப்பில் ஏறும். இரண்டும் நடுவில் கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற இணையச் சேமிப்பிடத்தில் சந்திக்க வேண்டும். அதுதான் சிங்க். சந்திக்காதபோது உறவிலும் தெருவிலும் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

இப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்க் கோளாறால் வரும் சேதத்தைவிட, அதைச் சரிசெய்கிறேன் என்று கொடுக்கும் அனுமதிகளால் வரும் சேதம் பெரியது. "எல்லாத்துக்கும் அலோ குடுங்க, சரியாயிடும்" என்று யாராவது சொல்வார்கள். ஒரு கோப்பு இங்கிருந்து அங்கே போகாததற்கும் உங்கள் எஸ்எம்எஸ், தொடர்புப் பட்டியல், நெட்பேங்கிங் பாஸ்வேர்டு ஆகியவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கீழே உள்ள எந்த வழிக்கும் கூடுதல் அனுமதி தேவைப்படாது. பல இடங்களில் கொடுத்ததைத் திரும்ப வாங்கத்தான் வேண்டியிருக்கும்.

எதைத் தொடுவதற்கும் முன்

அறிகுறி எதுவானாலும் ஆரம்பம் இதுதான். போனிலும் லேப்டாப்பிலும் கணக்குச் செயலியை முழுதாக மூடுங்கள். டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் எது ஓடுகிறதோ அதன் சிங்க்கைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். கணக்குக் கோப்பைத் தேதி போட்டுப் பெயரிட்டு பென்டிரைவில் ஒரு நகல் எடுங்கள். இரண்டு கருவிகளிலும் கோப்பு இருந்தால் இரண்டு நகல் எடுத்து, பெயரிலேயே 'போன்', 'லேப்டாப்' என்று குறியுங்கள்.

சிங்க் வேறு, பேக்கப் வேறு. ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும். ஒரு பக்கம் கோப்பு கெட்டால், கெட்ட கோப்புதான் மறுபக்கமும் போய் உட்காரும். பதற்றத்தில் 'மறுபடி சிங்க் செய்' பொத்தானை அழுத்துகிறவர்கள் நல்ல கோப்பையும் சேர்த்து இழப்பது இதனால்தான்.

போனில் போட்டது லேப்டாப்பில் வரவில்லை

முதலில் இரண்டு கருவியிலும் உள்ளது ஒரே ஜிமெயில்தானா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். போன் வாங்கும்போது கடைக்காரப் பையனே ஒரு புதுக் கணக்கு தொடங்கிக் கொடுத்திருப்பான். லேப்டாப்பில் இருப்பது பழைய கணக்கு. இரண்டும் ஒரே பேரில் ஆரம்பிக்கும், கடைசியில் ஒரு எண் மட்டும் வேறு. செயலி எந்தக் கணக்கில் பேக்கப் வைக்கிறது என்பதை அதன் அமைப்புப் பக்கத்திலேயே காட்டும்.

கணக்கு ஒன்றுதான் என்றால் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. 2024இலிருந்து ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் அதிலேயே சேருகிறது. உங்கள் கணக்குக் கோப்பு சில எம்பிதான் இருக்கும். ஆனால் கல்யாண வீடியோக்கள் 15 ஜிபியையும் நிரப்பிவிட்டால் அந்தச் சில எம்பிகூட மேலே ஏறாது. வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்காமல் விட்டாலே பல வீடுகளில் இது தீர்ந்துவிடும்.

அடுத்தது பேட்டரி. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், போன் சும்மா கிடக்கும்போது பின்னணி வேலைகளை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. சில கம்பெனி போன்கள் அதற்கும் மேலே போய், திரையை விட்டு நகர்ந்ததும் செயலியையே மூடிவிடும். அமைப்புகளில் செயலியின் பெயரைத் தொட்டு, பேட்டரி என்ற இடத்தில் 'கட்டுப்பாடற்றது' என்று மாற்றிப் பாருங்கள். 'தானே தொடங்கு' என்று ஒன்று இருந்தால் அதையும் இயக்குங்கள். டிரைவ் செயலியில் 'வைஃபையில் மட்டும் அனுப்பு' போட்டிருந்தால், மொபைல் டேட்டாவில் எத்தனை நாள் காத்திருந்தாலும் ஏறாது.

லேப்டாப் பக்கம் இன்னொரு பொறி இருக்கிறது. ஒன்டிரைவும் கூகுள் டிரைவும் கோப்பின் பெயரை மட்டும் உங்கள் கணினியில் காட்டி, உள்ளடக்கத்தை மேலே இணையத்திலேயே வைத்திருக்கக்கூடும். இணையம் இருக்கும்வரை தெரியாது. சித்திரை வெயிலில் கரண்ட் போய் ரௌட்டர் அணைந்ததும் கோப்பு திறக்காது, அல்லது பாதி ஏறிய நிலையில் நிற்கும். கணக்குக் கோப்பு இருக்கும் ஃபோல்டரை வலது கிளிக் செய்து, எப்போதும் இந்தக் கணினியில் இருக்கும்படி வைத்துவிடுங்கள்.

பாதுகாப்புக்காக வெராகிரிப்ட் என்ற மென்பொருளின் பூட்டிய பெட்டகத்துக்குள் கோப்பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. உள்ளே எவ்வளவு மாற்றினாலும் பெட்டகக் கோப்பின் தேதியை வெராகிரிப்ட் இயல்பாக மாற்றுவதில்லை. அதனால் 'ஒன்றும் மாறவில்லை' என்று சிங்க் மென்பொருள் இருந்துவிடும். அதன் விருப்பங்களில் கோப்பின் நேரத்தை அப்படியே காக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். கிளவுடுக்கு (இணையச் சேமிப்பிடத்துக்கு) என்றே மறையாக்கம், அதாவது பாஸ்வேர்டுப் பூட்டு, வேண்டுமென்றால் கிரிப்டோமேட்டர் வசதியானது. அது ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பூட்டி அனுப்பும்.

செயலி 'பேக்கப் முடிந்தது' என்கிறது, டிரைவைத் திறந்து பார்த்தால் ஒரு கோப்பும் இல்லை என்று சிலர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். பல செயலிகள் டிரைவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தனி இடத்தில் தரவை வைக்கின்றன. கணினி பிரௌசரில் டிரைவைத் திறந்து, அமைப்புகளில் செயலிகளை நிர்வகிக்கும் பகுதிக்குப் போனால் எந்தெந்தச் செயலி அப்படி மறைத்து வைத்திருக்கிறது என்று தெரியும். எப்போதோ தூக்கிப்போட்ட செயலிகளின் மிச்சமும் அங்கே கிடக்கும். வேண்டாதவற்றின் மறைந்த தரவை அங்கேயே அழிக்கலாம். இப்போது பயன்படுத்தும் செயலியின் வரிசையில் மட்டும் கைவைக்காதீர்கள்.

ஒரே பெயரில் இரண்டு கோப்பு வந்துவிட்டது

இதுதான் எல்லாவற்றிலும் வில்லங்கமானது. நிதானம் தேவை.

டிராப்பாக்ஸாக இருந்தால் கோப்பின் பெயரோடு முரண்பட்ட நகல் என்ற குறிப்பும் கணினியின் பெயரும் தேதியும் ஒட்டியிருக்கும். சிங்க்திங் என்ற சிங்க் மென்பொருள் என்றால் 'சிங்க் கான்ஃபிளிக்ட்' என்று நேரத்தோடு வரும். நடந்தது இதுதான்: வெள்ளிக்கிழமை இரவு பெங்களூரில் கணவர் கோப்பைத் திறந்து மூடாமல் லேப்டாப்பை மடித்துப் பையில் வைத்தார். சனி காலை வீட்டுக் கணினியில் மனைவி அதே கோப்பில் மளிகையும் சீட்டும் எழுதிச் சேமித்தார். மத்தியானம் வீட்டு வைஃபையில் லேப்டாப் விழித்தது, அவர் பழைய நிலையிலிருந்தே எழுதிச் சேமித்தார். சிங்க் மென்பொருளுக்குக் கணக்கு தெரியாது. இரண்டு பேர் வெவ்வேறாக எழுதியிருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். எதையும் அழிக்காமல் இரண்டையும் வைத்தது, அந்த வகையில் அது நல்லதுதான் செய்திருக்கிறது.

க்னூகேஷ் என்ற கணக்கு மென்பொருள் இதைத் தடுக்க, கோப்பைத் திறந்ததும் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டுக் கோப்பை உருவாக்கும். பெயரின் கடைசியில் எல்சிகே என்று முடியும். இன்னொரு கணினியில் திறந்தால், கோப்பு பூட்டியிருக்கிறது, படிக்க மட்டும் திறக்கவா, ஆனாலும் திறக்கவா என்று கேட்கும். அவசரத்தில் எல்லோரும் 'ஆனாலும் திற' என்பதைத்தான் அழுத்துகிறார்கள். அதை அழுத்துவதற்கு முன் மற்றவருக்கு ஒரு போன் போடுங்கள். கரண்ட் போய் கணினி அணைந்ததால் பூட்டு மட்டும் மிச்சமாகியிருந்தால், எல்லாக் கணினியிலும் மூடியிருக்கிறது என்று உறுதி செய்த பிறகு அந்தப் பூட்டுக் கோப்பை அழிக்கலாம்.

சரி, இரண்டு கோப்பு வந்தாகிவிட்டது. இணைப்பது எப்படி?

இரண்டு நகல்களையும் சிங்க் ஃபோல்டருக்கு வெளியே எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றையும் திறந்து, வங்கி, கையிருப்பு, கார்டு என்று கணக்கு வாரியாக மீதியை ஒரு தாளில் எழுதுங்கள். எந்தக் கணக்குகளின் மீதி ஒத்துப்போகிறதோ அவற்றை விட்டுவிடலாம். வேறுபடும் கணக்குகளில் பின்னோக்கிப் போய், இரண்டிலும் மீதி ஒன்றாக இருந்த கடைசி வரியைக் கண்டுபிடியுங்கள். தேதியை மட்டும் நம்ப வேண்டாம். போன வாரச் செலவை இன்று உட்கார்ந்து எழுதும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, அந்த வரி பழைய தேதிக்குள் போய் ஒளிந்திருக்கும். எந்தக் கோப்பில் அதிக வரிகள் கூடியிருக்கின்றனவோ அதை முதன்மையாக வைத்து, மற்றதில் மட்டும் உள்ள வரிகளைக் கையால் சேருங்கள். ஒரு வார இறுதியின் செலவு என்றால் அரைமணி வேலைதான். நூற்றுக்கணக்கில் இருந்தால் மட்டும் அந்த வரிகளைச் சிஎஸ்வியாக (கட்டங்களைக் கமாவால் பிரித்த அட்டவணைக் கோப்பாக) எடுத்து உள்ளே இழுக்கலாம். க்னூகேஷில் இன்னொரு வழியும் உண்டு. அது ஒவ்வொரு முறை திறக்கும்போதும் 'லாக்' என்று முடியும் ஒரு பதிவுக் கோப்பை எழுதுகிறது. இறக்குமதிப் பட்டியலில் அந்தப் பதிவை மறுபடி ஓட்டும் வசதி இருக்கிறது. நகலில் ஓட்டிப் பார்த்து, மீதி சரியென்றால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் பாஸ்புக்கோடு ஒப்பிடுங்கள். ஒத்துவந்த பிறகும் ஒதுக்கிய கோப்பை அடுத்த மாத ஸ்டேட்மென்ட் வரும்வரை பென்டிரைவில் வைத்திருங்கள்.

'டேட்டாபேஸ் கெட்டுவிட்டது' என்று செய்தி வந்தால் விஷயம் வேறு. மனி மேனேஜர் எக்ஸ் என்ற கணக்கு மென்பொருளின் கோப்பு எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் வகை, க்னூகேஷையும் அந்த வகையில் வைக்கலாம். அப்படி வைத்தால் ஒவ்வொரு வரியும் எழுதிய கணமே கோப்பில் ஏறும். எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு தற்காலிகக் கோப்பும் இருக்கும். சிங்க் மென்பொருள் இடையில் புகுந்து ஒன்றை எடுத்து மற்றதை விட்டுவிட்டால், போய்ச் சேர்வது அரைகுறைக் கோப்பு. மறுபக்கம் இன்னும் நல்லதாக இருக்கலாம், அதனால்தான் சிங்க்கை முதலில் நிறுத்தச் சொன்னேன். கணக்கு எழுதும்போது சிங்க்கை நிறுத்தி, மூடிய பிறகு இயக்குவது இந்த வகைக்கு நல்ல பழக்கம்.

என் அபிப்பிராயம்: இரண்டு பேர் எழுத வேண்டிய வீட்டுக்கு ஒற்றைக் கோப்பை டிரைவில் போட்டுப் பகிர்வது பொருந்தாது. ஒருவர் எழுதட்டும், மற்றவர் செலவை வாட்ஸ்அப்பில் அவருக்குச் சொல்லட்டும். இருவரும் எழுதியே ஆக வேண்டுமென்றால் ஆக்சுவல் பட்ஜெட் போன்ற ஒரு கணக்குச் செயலிக்கு மாறுங்கள். அது கோப்பை முழுதாக அனுப்பாமல் ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாக அனுப்பிச் சேர்த்துக்கொள்கிறது. 2022இல் அதன் மூலநிரல் திறந்துவிடப்பட்டது, சர்வரை வீட்டுக் கணினியிலேயே ஓட்டலாம். முனைக்கு முனை மறையாக்கமும், அதாவது உங்கள் கருவிகளில் மட்டும் திறக்கும் பூட்டும், உண்டு. ஆனால் அதை நீங்கள்தான் இயக்க வேண்டும், தானாக வராது.

கோப்பை வேறு யாராவது திறந்து பார்க்க முடியுமா?

இது கோளாறு இல்லை. ஆனால் சிங்க் சரியான மகிழ்ச்சியில் யாரும் கேட்காமல் விடுவது இது. ஒரு சோதனை செய்து பாருங்கள். க்னூகேஷ் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, 7-ஜிப் போன்ற ஒன்றால் திறந்து, உள்ளே இருப்பதை நோட்பேடில் பாருங்கள். பாஸ்வேர்டு எதுவும் கேட்காது. எந்தத் தேதியில் யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், கைமாற்று வாங்கியவர் பெயர், நகைக்கடன் எந்தக் கடையில், எல்லாம் வாசிக்கும்படி இருக்கும். அந்தக் கோப்பு சுருக்கப்பட்டிருக்கிறது, பூட்டப்படவில்லை. சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் பெயரில் கொண்ட பழைய நகல்களும் அதே ஃபோல்டரில் விழும். இயல்பாக 30 நாள் இருக்கும். ஃபோல்டர் சிங்க் ஆனால் அவையும் மேலே போகும்.

மனி மேனேஜர் எக்ஸில் எம்எம்பி என்று முடியும் கோப்பு திறந்தது, இஎம்பி என்று முடிவது பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியது. வேறு பெயரில் சேமிக்கும்போதே மாற்றிக்கொள்ளலாம். ஃபோல்டரை யாரோடு பகிர்ந்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். 'லிங்க் வைத்திருக்கும் எவரும்' என்று இருந்தால் இப்போதே மாற்றுங்கள்.

இதில் வேலூருக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் குடும்பங்களுக்கு மாடி அறையை நாள் வாடகைக்கு விடும் வீடுகள் இங்கே ஏராளம். வாடகை வரவைச் செயலியில் போடும்போது, ரசீதோடு அவர்களின் ஆதார் படத்தையும் இணைத்து வைக்கிறார்கள். சில நேரம் மருத்துவச் சீட்டும் கூடவே இருக்கும். உங்கள் கணக்கு சிங்க் ஆகும் இடத்துக்கெல்லாம் அந்த நோயாளியின் விவரமும் போகிறது. அவர் இதற்கு ஒப்புக்கொண்டாரா? அடையாளச் சான்றைக் கணக்குச் செயலிக்குள் வைக்க வேண்டாம். தங்குபவரிடம் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கேளுங்கள், அதை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே எடுக்கலாம். கணக்கில் அறை எண்ணும் தொகையும் போதும்.

மொத்தம் இடிக்கிறது

"ஏம்பா, பேங்க்ல இருக்கறது ஒண்ணு, இதுல காட்டறது ஒண்ணா இருக்கே" என்றார் குடியாத்தத்துப் பெரியம்மா. சிங்க்கைப் பழித்துப் பயனில்லை. இது அநேகமாக உள்ளே வந்த தரவின் கோளாறு.

வித்தியாசத் தொகையை இரண்டால் வகுத்துப் பாருங்கள். அந்தப் பாதித் தொகைக்குச் சமமான வரி இருந்தால், வரவைச் செலவாகவோ செலவை வரவாகவோ போட்டிருக்கிறீர்கள். வித்தியாசத்துக்கே சமமான வரி இருந்தால் அது இருமுறை ஏறியிருக்கிறது. வங்கி எஸ்எம்எஸ்ஸிலிருந்து ஒருமுறை, ஸ்டேட்மென்ட்டிலிருந்து இன்னொரு முறை. கிரெடிட் கார்டில் ஜவுளி வாங்கியதும் செலவு, மாதக் கடைசியில் கார்டு பில் கட்டியதும் செலவு என்று இருமுறை போவதும் உண்டு. பில் கட்டுவதை வங்கியிலிருந்து கார்டுக்கான மாற்றமாகத்தான் எழுத வேண்டும்.

தேதிக் குழப்பத்தைப் பிடிக்க எளிய வழி இருக்கிறது. நம் வங்கிகள் நாளை முதலில் எழுதும், அமெரிக்க வழக்கப்படி செய்த செயலி மாதத்தை முதலில் படிக்கும். ஏப்ரல் 5 அதற்கு மே 4 ஆகிவிடும். 13ஆம் தேதி முதல் வரும் வரிகளை அதனால் படிக்கவே முடியாது, விட்டுவிடும். ஆகவே இறக்குமதி செய்த கணக்கில் 12ஆம் தேதிக்குப் பிந்தைய வரிகள் காணாமல் போயிருந்தால் காரணம் இதுதான். இறக்குமதியை அழித்துவிட்டு, தேதி வடிவத்தை மாற்றி மறுபடி செய்யுங்கள். இலட்சக் கமாவும் இப்படித்தான். 1,25,000 என்ற தொகை மேற்கோள் குறி இல்லாமல் சிஎஸ்வியில் இருந்தால் மூன்று கட்டங்களாக உடைந்து, உங்கள் கணக்கில் 1 ரூபாயாக ஏறும்.

தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சிஎஸ்வியை எக்செலில் இரட்டைக் கிளிக் செய்து திறக்காமல், லிப்ரேஆபீஸில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறங்கள். குப்பையாகத் தெரியும்போது சேமித்துவிட மட்டும் வேண்டாம்.

'உங்கள் வங்கியை இணையுங்கள்' என்று பாஸ்வேர்டு கேட்கிறது

கொடுக்காதீர்கள். சிங்க் நின்றுவிட்டது, மறுபடி உள்நுழையுங்கள் என்று அழகான பக்கம் வந்தாலும் கொடுக்காதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, வாடிக்கையாளரே பாஸ்வேர்டு போன்றவற்றைப் பகிர்ந்ததால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை ஏற்படும் நட்டம் முழுவதும் வாடிக்கையாளருடையது.

வங்கித் தரவு தானாக வர வேண்டுமென்றால் முறையான வழி அக்கவுண்ட் அக்ரிகேட்டர். 2016இல் ரிசர்வ் வங்கி விதிகளை வகுத்தது, 2021 செப்டம்பரில் பெரிய வங்கிகளோடு நடைமுறைக்கு வந்தது. உரிமம் பெற்ற இந்த இடைநிலை நிறுவனம் உங்கள் வங்கி பாஸ்வேர்டைக் கேட்கவே கூடாது. தரவு பூட்டிய நிலையில் அதன் வழியே போகும், அதனால் படிக்க முடியாது. ஒப்புதல் திரையை மட்டும் நிதானமாக வாசியுங்கள்: எதற்காக, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எத்தனை முறை எடுக்கும், எப்போது முடியும். வீட்டுக் கணக்கு பார்க்கும் செயலிக்கு ஐந்து வருடப் பழைய பரிவர்த்தனை எதற்கு?

தரவு வருவது நின்றுவிட்டால் பெரும்பாலும் அந்த ஒப்புதலின் காலம் முடிந்திருக்கும். புதுப்பிப்பதற்கு முன், இன்னும் வேண்டுமா என்று யோசியுங்கள். வேண்டாமென்றால் அக்ரிகேட்டர் செயலியிலேயே ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். அதற்குப் பிறகு புதிதாக எதுவும் போகாது. ஏற்கெனவே போனதை அழிக்கச் சொல்லிக் கணக்குச் செயலிக்காரருக்குத் தனியாக எழுத வேண்டும்.

செலவுச் செயலி போட்டதிலிருந்து கடன் வேண்டுமா என்று போன் வருகிறது

போனின் அனுமதிப் பட்டியலைத் திறந்து எஸ்எம்எஸ், தொடர்புகள், இருப்பிடம் மூன்றிலும் அந்தச் செயலி இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்தால் வங்கிச் செய்தி மட்டும் போகும் என்று நினைக்க வேண்டாம். அந்த அனுமதிக்கு அப்படிப் பிரிக்கத் தெரியாது. ஓடிபி, மருத்துவமனைச் செய்தி, பள்ளிச் செய்தி எல்லாமே அதற்குள் வரும். சம்பளம் என்றைக்கு வருகிறது, எந்தத் தவணை தவறியது என்பதெல்லாம் அதிலிருந்து தெரிந்துவிடும். அதைத்தான் கடன் விற்பவர்கள் விரும்புகிறார்கள்.

மூன்றையும் நிறுத்துங்கள். செலவைக் கையால் போடுவது தினம் சில நிமிட வேலைதான், கை போடும்போது செலவு மனதிலும் ஏறும். அந்தச் செயலியே கடனும் கொடுப்பதாக இருந்தால், தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, படங்கள் ஆகியவற்றை அது தொடவே கூடாது என்று 2022 செப்டம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள் சொல்கின்றன. மிரட்டல் வந்தாலோ பணம் போனாலோ தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

பழைய போனை விற்றுவிட்டேன், பிரௌசிங் சென்டரில் திறந்துவிட்டு வந்துவிட்டேன்

கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 'உங்கள் சாதனங்கள்' என்று இருக்கும். தெரியாத கணினி, விற்ற போன் எல்லாவற்றிலும் வெளியேற்றுங்கள். பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு அடுக்கு உள்நுழைவைப் போடுங்கள். அதே இடத்தில் உங்கள் கணக்கோடு இணைந்த வெளிச் செயலிகளின் பட்டியலும் இருக்கும். 'டிரைவில் உள்ள எல்லாக் கோப்புகளையும் பார்க்கவும் திருத்தவும்' என்று அனுமதி வாங்கிய கணக்குச் செயலியை நீக்கிவிடுங்கள். தான் உருவாக்கிய கோப்பை மட்டும் தொடும் அனுமதியும் இருக்கிறது, பேக்கப்புக்கு அதுவே போதும். வாட்ஸ்அப்பின் இணைந்த சாதனங்களையும் மறக்காமல் பாருங்கள், ஸ்டேட்மென்ட் பிரிண்ட் எடுக்கக் கடையில் திறந்தது இன்னும் திறந்தே இருக்கலாம்.

பூட்டிய கோப்பின் பாஸ்வேர்டு மறந்துவிட்டது

உண்மையான முனைக்கு முனை மறையாக்கம் என்றால் நிறுவனத்தாலும் திறக்க முடியாது. மறந்தாலும் மீட்டுத் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால், சாவி அவர்களிடமும் இருக்கிறது என்று பொருள். பழைய போனில் செயலி இன்னும் திறந்த நிலையில் இருந்தால், உடனே அங்கிருந்து சிஎஸ்வியாக எடுங்கள். இல்லையென்றால் வங்கி ஸ்டேட்மென்ட்டுகளிலிருந்து புதிதாகத் தொடங்குவதுதான் வழி. புதிய பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, நகையும் பத்திரமும் இருக்கும் பீரோவில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கு அந்த இடம் தெரிந்திருக்கட்டும். திடீரென்று ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், காப்பீட்டு விவரம் எங்கே என்று தெரியாமல் வீடு திண்டாடக் கூடாது.

எல்லா இடத்திலும் அழிந்துவிட்டது

நேரம்தான் முக்கியம். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும். கோப்பு இருந்து உள்ளடக்கம் மட்டும் போயிருந்தால் பிரௌசரில் அதன் பழைய பதிப்புகளைத் திறங்கள், அவையும் 30 நாளுக்குப் பின் நீக்கப்படலாம். டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கிலும் அதே 30 நாள்தான். நல்ல பதிப்பை இறக்கி, சிங்க் ஃபோல்டருக்கு வெளியே வைத்து, திறந்து சரிபார்த்த பிறகே உள்ளே போடுங்கள்.

செயலியையே மூடப்போகிறார்கள்

இதுவும் நடக்கிறது. மைக்ரோசாஃப்ட் மனி விற்பனை 2009இல் நின்றது. அமெரிக்காவில் மிகப் பிரபலமாக இருந்த மின்ட் 2024 மார்ச்சில் மூடப்பட்டது. அறிவிப்பு வந்ததும் அன்றைக்கே எல்லாக் கணக்குகளையும் சிஎஸ்வியிலோ, மற்றக் கணக்கு மென்பொருள்களும் படிக்கும் கியூஐஎஃப் வடிவத்திலோ எடுங்கள். எடுத்ததைத் திறந்து பாருங்கள்: முதல் வரியின் தேதி நீங்கள் தொடங்கிய தேதியா, ஒவ்வொரு கணக்கின் கடைசி மீதியும் செயலியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, ரசீதுப் படங்கள் தனியாக வந்தனவா? சில செயலிகள் கடைசி சில மாதங்களை மட்டும் கொடுத்து நிற்கும்.

சரியாக வந்த பிறகு செயலியை போனிலிருந்து தூக்கினால் மட்டும் போதாது, சர்வரில் உள்ளது அப்படியே இருக்கும். முதலில் செயலிக்குள் கணக்கை நீக்கும் பொத்தானைத் தேடி அழுத்துங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுக் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. ஒப்புதலைத் திரும்பப் பெறவும் தரவை அழிக்கக் கேட்கவும் அந்தச் சட்டம் உரிமை தருகிறது. அதைக் குறிப்பிட்டு, செயலியின் தனியுரிமைப் பக்கத்தில் உள்ள குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். எந்த மின்னஞ்சலில் கணக்கு வைத்திருந்தீர்களோ அதிலிருந்தே எழுதுங்கள், இல்லையென்றால் உங்களை அடையாளம் காட்ட இன்னும் ஒரு ஆதார் நகலைக் கேட்பார்கள். பதில் வரும்வரை அந்த மின்னஞ்சல் கணக்கை மூடாதீர்கள்.